திருப்பாத வால்வு

சக்கரம் சுட்டது. பொழுது சாய்ந்துவிட்டது என்றாலும், பகல் முழுக்கச் சித்திரை வெயிலில் காய்ந்த இரும்பு அது. முந்தானையைச் சுற்றிக்கொண்டுதான் பிடித்தேன்.

எங்கள் கிணற்று மேட்டில், மோட்டாரிலிருந்து வரும் குழாய் இரண்டாகப் பிரியும். கிழக்கே போவது என் வெங்காயக் காட்டுக்கு. மேற்கே போவது அம்சவல்லியின் வெங்காயக் காட்டுக்கு. இரண்டு குழாயிலும் ஒவ்வொரு வால்வு, அதைத் திருப்ப ஒவ்வொரு இரும்புச் சக்கரம். என் முறை முடிந்தால் என் வால்வை மூடி, அவள் வால்வைத் திறந்துவிட்டு வர வேண்டும். ஒரு நிமிஷ வேலை.

அன்று அந்த ஒரு நிமிஷ வேலையை நான் செய்யவில்லை. பிடித்த சக்கரத்தை விட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக என் மாமியாரைக் கேலி செய்தேன், லைன்மேனைக் கேலி செய்தேன், தராசில் விரலை வைக்கும் வியாபாரியைக் கிழித்துத் தொங்கவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். இந்த வாரம் என் முறை.

குடுக்கிறவதான் திருப்பணும்

அம்சவல்லி என் கொழுந்தனார் மனைவி. என் ஓரகத்தி. குரும்பலூருக்கு மேற்கே எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அடுத்தடுத்துக் காடு. மாமனார் போன பிறகு நிலத்தை அண்ணன் தம்பி இரண்டு பேரும் வரப்புப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றுக்கு நடுவில் வரப்புப் போட முடியுமா? அது பொதுவாகவே நின்றுவிட்டது. ஒரு கிணறு, ஒரு மோட்டார், ஒரு கரண்டு சர்வீஸ். ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவளுக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு முறை மாறும்.

என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் சிமெண்டு லாரி ஓட்டுகிறார். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். கொழுந்தனார் மலேசியாவில் ஒரு ஓட்டல் அடுப்படியில் இருந்தார். பூலாம்பாடிக்காரர் ஒருவர் கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்ட வேலை. ஆக, கிணற்றை ஆண்டது நாங்கள் இரண்டு பெண்கள்தான்.

முறை விஷயத்தில் எங்கள் பக்கம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தண்ணீர் வாங்குகிறவள் வால்வைத் தொடக் கூடாது. முறை முடித்தவள்தான் வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவள் திருப்பினால், "அஞ்சு நிமிஷம் முன்னாடியே திருப்பிட்டா" என்று பேச்சு வரும். பேச்சு முற்றினால் மண்டை உடையும். கொடுக்கிறவளே திருப்பினால் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. உன் முறையில் கரண்டு போனால் அது உன் தலையெழுத்து. அடுத்தவள் முறையில் கை வைக்க முடியாது.

முதல் சட்டம் எவ்வளவு நல்ல மனசோடு போட்டது பாருங்கள். கொடுக்கிறவள் மனசு கோணிவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

இலவசத்துக்குக் கொடுக்கிற விலை

டவுனில் இருக்கிறவர்கள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, "ஒங்களுக்கென்ன, கரண்டு ஓசிதானே?" என்பதுதான். ஓசிதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மோட்டார் ஓடக்கூடிய மும்முனைக் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்பது எங்கள் கையில் இல்லை. வந்தாலும் சில நாள் சீரியல் பல்பு மாதிரி மினுக்கும். மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. பணம் கட்டவில்லையே தவிர, வயிற்றெரிச்சலாகக் கட்டித் தீர்த்துவிடுகிறோம்.

இதற்காகவே எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறோம். கரண்டு வந்தால் மோட்டார் தானாக எடுத்துக்கொள்ளும். நாம் பால் கறந்துகொண்டிருக்கலாம், சோறு வடித்துக்கொண்டிருக்கலாம். தண்ணீர் பாட்டுக்கு, எந்த வால்வு திறந்திருக்கிறதோ அந்தக் காட்டுக்குப் போகும். யாருடைய முறை என்று மோட்டாருக்குத் தெரியாது.

போர்வெல் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். அதையும் பார்த்தாயிற்று. என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் போர் வண்டியைக் கூட்டிவந்தார். டீசல் விலை ஏற ஏற அடிக்கு இவ்வளவு என்று அவர்களும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை குடைந்தார்கள். வெள்ளை வெள்ளையாகப் பாறை மாவுதான் பறந்தது. முருங்கை மரம், மாடு, நான், எல்லாம் பவுடர் பூசிக்கொண்டு நின்றோம். கடைசியில் ஒரு குடம் ஈரம் வந்தது. என் கழுத்துச் சங்கிலி அந்தக் குழிக்குள்தான் கிடக்கிறது என்று இன்றைக்கும் சொல்வேன்.

டீசல் ஏறினால் போர் மட்டுமா ஏறுகிறது? உழவு ஏறுகிறது, உரம் ஏற்றிவரும் வண்டி வாடகை ஏறுகிறது, செட்டிகுளம் மண்டிக்கு மூட்டை கொண்டுபோகும் கூலி ஏறுகிறது. எல்லாம் ஏறி முடித்த பிறகு வெங்காய விலை இறங்கும். சரி, கதைக்கு வருகிறேன். வேண்டுமென்றேதான் சுற்றுகிறேன் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மூன்று பாத்தி

நாலைந்து வருஷம் இருக்கும். இரண்டு பேருமே மாசியில் சின்ன வெங்காயம் ஊன்றியிருந்தோம். பருவம் நாற்பது நாள் தாண்டிவிட்டது. அதுதான் காய் பருக்கிற நேரம். அப்போது தண்ணீர் தவறினால், அதற்குமுன் விட்ட தண்ணீரெல்லாம் வீண்.

அம்சவல்லிக்கு அந்த வெங்காயம் வெறும் வெங்காயம் இல்லை. கொழுந்தனாருக்கு வைகாசியில் வேலை ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இரண்டு வருஷம் வர முடியாது. களை எடுக்கும்போதெல்லாம் இதையேதான் சொல்வாள்.

"இது மட்டும் தேறிடுச்சுன்னா, கையெழுத்துப் போடாதீங்க, வந்துடுங்கன்னு சொல்லிடுவேன்க்கா. மாடு ரெண்டு வாங்கிப் போட்டா இங்கயே பொழச்சுக்கலாம். சின்னது அப்பாவ போன்ல பாத்தா பயந்து அழுவுது."

அந்த நாள் என் முறை. காலையில் வந்த கரண்டு பாதியில் போய்விட்டது. மறுபடி வரவே இல்லை. காட்டின் கடைசி மூன்று பாத்தி நனையாமல் நின்றது. வெங்காயத் தாள் நுனி பழுத்து, காலடியில் மண் பொருக்குப் பொருக்காக வெடித்திருந்தது. அந்த மூன்று பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஆறு மணிக்கு வால்வு மாற்றக் கிணற்று மேட்டுக்குப் போனேன். யாருமில்லை. எட்டிப் பார்த்தேன். கிணற்றில் கடைசிப் படிகளுக்கு மேலே கொஞ்சம் தண்ணீர் நின்றது. அந்தப் படிகள் வெளியே தெரிய இறைக்கக் கூடாது என்பது எங்கள் கணக்கு. ஊற்றுக்கு அது வேண்டும்.

சக்கரத்தைப் பிடித்தேன். அப்போது என் மனசு சொன்னது இதுதான்: காலை ஆறு மணிக்குக் கரண்டு வந்தால் ஒரு கால் மணி நேரம் நம் பக்கம் ஓடட்டும். மூன்று பாத்தி நனைந்துவிடும். ஆறேகாலுக்கு வந்து மாற்றிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

கால் மணி நேரம். இதைத்தான் நான் திருடத் திட்டமிட்டேன். ஆனால் மறுநாள் நான் எழுந்தபோது வெயில் வாசலுக்கு வந்திருந்தது. அந்தத் தூக்கம் மட்டும் நிஜமான தூக்கம். அதையாவது நம்புங்கள்.

"மறந்துட்டேன்"

அம்சவல்லி விடிந்ததும் பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, ஏழு மணிக்குத்தான் காட்டுக்குப் போயிருக்கிறாள். தூரத்தில் வரும்போதே மோட்டார் சத்தம் கேட்டுச் சந்தோஷமாக வந்திருக்கிறாள். கிட்டே வந்தால் அவள் வாய்க்காலில் எறும்பு ஓடுகிறது. மோட்டார் தண்ணீர் இல்லாமல் காற்றை உறிஞ்சிக் கதறிக்கொண்டிருக்கிறது. ஓடிப் போய் அமர்த்தியிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மோட்டாரே கருகியிருக்கும்.

நேரே என் வீட்டுக்கு வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, நேத்து வால்வு மாத்தலயாக்கா?"

"அய்யய்யோ, மறந்துட்டேன் அம்சா!"

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்த வார்த்தை! வாயில் கையைக்கூட வைத்துக்கொண்டேன். நாடகத்தில் நடிக்கப் போயிருந்தால் பெயர் வாங்கியிருப்பேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மோட்டாரு போயிருக்கும்க்கா. நல்லவேளை" என்றாள். அப்புறம், "சரி விடுங்க. எனக்கும் ஒரு நாளைக்கு இப்படி ஆவும்" என்றாள்.

"நாளைக்கு என் முறையை நீ எடுத்துக்க" என்றேன். அது என் பெருந்தன்மை. ஆனால் ஒட்ட இறைத்த கிணறு ஒரே நாளில் ஊறுமா? மறுநாள் அவளுக்கு அரை மணி நேரம்தான் ஓடியது. வாய்க்கால் குடித்ததுபோக இரண்டு பாத்திக்குக் கிடைத்தது. அதற்கடுத்த அவள் முறையில் கரண்டே வரவில்லை. தலையெழுத்துச் சட்டம் இருக்கிறதே, அது அன்று ஒழுங்காக வேலை செய்தது.

டீசல் தண்ணீர்

ஆறாவது நாள் அவள் பொறுக்க முடியாமல் பக்கத்துக் காட்டுக்காரரிடம் போனாள். அவருக்குப் போரில் கொஞ்சம் தண்ணீர் உண்டு, கரண்டு சர்வீஸ் இல்லை. பதிந்துவைத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார். ஜெனரேட்டர் வைத்து ஓட்டுவார். தண்ணீர் மணிக்கு இவ்வளவு, டீசல் நம்முடையது.

குரும்பலூர் பெட்ரோல் பங்கிலிருந்து கேனில் டீசல் வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, தள்ளிக்கொண்டே வந்தாள். வெயிலில் கேன் வியர்த்து, அவள் புடவையெல்லாம் டீசல் வாடை. ஜெனரேட்டர் ஓடியது. நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கால் காடு நனைவதற்குள் கேன் காலி.

"இன்னொரு கேன் வாங்கியாரட்டுமா?" என்றேன்.

அவள் சிரித்தாள். "டீசலுக்கு ஊத்துற காசுல கடையில வெங்காயம் வாங்கித் தின்னுட்டுப் போயிடலாம்க்கா."

சிரிப்பு முடிந்ததும் கேனைக் கவிழ்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டு வரை ஜெனரேட்டரில் விட்டாள்.

அடுப்படிச் சுவரில் ஒரு சக்கரம்

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். கையில் இரும்புச் சக்கரம். ஸ்பேனர் போட்டு இரண்டு வால்விலிருந்தும் சக்கரத்தைக் கழற்றியிருக்கிறாள். ஒன்றைக் கிணற்றில் போட்டுவிட்டாளாம். ஒன்று இதோ.

"இது ஒண்ணுதான் இனிமே. இது இல்லாம எவளும் திருப்ப முடியாது. ஒங்க அடுப்படியில மாட்டி வச்சுக்கங்க. கண்ணு முன்னாடி தொங்கிக்கிட்டே இருந்தா மறதி வராது பாருங்க. என் முறை முடிஞ்சா நான் வந்து வாங்கிட்டுப் போறேன்."

குத்தலாகச் சொன்னாளா, வெள்ளந்தியாகச் சொன்னாளா? இத்தனை வருஷமாக அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். பிடிபடவில்லை. என் மறதியை மறதி என்றே எடுத்துக்கொண்டு, அதற்கு வைத்தியமும் பார்த்துவிட்டுப் போனாள்.

அஞ்சறைப் பெட்டிக்கு மேலே, ஆணியில் மாட்டினேன். தாளிக்கும்போதெல்லாம் கண்ணில் படும். கடுகு கருகும்.

பத்துக் காய்

வெயில் ஏற ஏறக் கிணறு இறங்கியது. படி எல்லாம் வெளியே தெரிந்தது. இரண்டு காட்டுக்கும் பிய்த்துப் பிய்த்து விட்டால் இரண்டுமே போய்விடும் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"ரெண்டுல ஒண்ண விட்டுடுவம்க்கா. இருக்கிற தண்ணிய ஒரே காட்டுக்கு விடுவம். வந்தத பிரிச்சுக்குவம்."

"எத விடுறது?"

"பத்துப் பத்துக் காய் புடுங்கிப் பாப்பம். எது பருத்திருக்கோ அது பொழைக்கட்டும்."

அவள் காட்டில் நான் பிடுங்க வேண்டும், என் காட்டில் அவள் பிடுங்க வேண்டும். பாத்திக்கு ஒன்றாக, பொறுக்காமல், கைக்கு வந்ததைப் பிடுங்கினோம். கிணற்று மேட்டில் அவள் துண்டை விரித்து இரண்டு வரிசையாக அடுக்கினாள்.

ஒரு தண்ணீர் தவறினால் இவ்வளவு வித்தியாசமா என்று வெங்காயம் வைக்காதவர்கள் கேட்கலாம். பருக்கிற நேரத்தில் தவறிய தண்ணீர் அது. அவள் காய் களாக்காய் அளவில் சுருங்கியிருந்தது. என் காய் சிவப்பேறி, மினுமினுவென்று, பார்த்தால் கடிக்கத் தோன்றுகிற மாதிரி. கடைசி மூன்று பாத்தியில் பிடுங்கியவைதான் அதிலும் பெரியவை.

ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். 'இது உன் தண்ணி அம்சா' என்று நாலு வார்த்தை. துண்டின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒங்களுதுதான்க்கா தேறியிருக்கு" என்றாள். "சக்கரத்தக் குடுங்க."

வீட்டுக்கு ஓடிச் சக்கரத்தை எடுத்துவந்து கொடுத்தேன். அன்று அவள் முறை. கொடுக்கிறவள் திருப்ப வேண்டும் என்ற சட்டப்படி, அவளே அவளுடைய வால்வை மூடினாள். என் வால்வை முழுசாகத் திறந்தாள். மறுநாள் ஒரு ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு அவள் காட்டில் மேயவிட்டாள். ஆடுகள் தாளைக் கடித்து இழுப்பதை முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாதி

வெங்காயம் வந்தது. மூன்றில் ஒரு பங்கு போதும் என்றாள். நான் விடாப்பிடியாகப் பாதி கொடுத்தேன். "என்ன திடீர்னு இவ்ளோ தாராளம்?" என்று என் வீட்டுக்காரர்கூடக் கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை.

அம்சவல்லி தெரு முழுக்கச் சொன்னாள். பால் சொசைட்டியில் சொன்னாள். "எங்கக்கா மாதிரி ஓரகத்தி எவளுக்கு வாய்ப்பா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். பாராட்டினவர்களைப் பார்த்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு காட்டு வெங்காயத்தில் பாதி, இரண்டு மாட்டுக்கு எங்கே காணும்? வைகாசியில் கொழுந்தனார் கையெழுத்துப் போட்டார். அவள் போனில் பேசிக்கொண்டிருந்தது என் வீட்டு வாசலில் நின்றுதான், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். "பரவால்லங்க. ரெண்டு வருசம்தானே" என்றாள். போனை வைத்துவிட்டு, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் உள்ளே சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சுத்தமான சட்டிதான்.

சின்னதுக்கு ஐந்து வயது நடக்கும்போதுதான் அவர் வந்தார். அப்பா என்று கூப்பிட அதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

இந்த வாரம்

இப்போது எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன்?

இந்த வருஷமும் இரண்டு பேரும் வெங்காயம்தான் வைத்திருக்கிறோம். டீசல் விலை அன்றைவிட இன்றைக்கு அதிகம். கிணற்றுத் தண்ணீர் அன்றைவிட இன்றைக்குக் கீழே. நாலு நாள் முன்பு சக்கரம் வாங்க வந்த அம்சவல்லி, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "இந்தத் தடவயும் பத்துக் காய் புடுங்கிப் பாத்துருவமாக்கா? அதுதான் ஞாயமா இருக்கும்" என்றாள்.

நியாயம் என்ற வார்த்தை காதில் விழுந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று தடவை அவள் வீடு வரை போனேன். ஒரு தடவை மோர் கேட்டுவிட்டு வந்தேன். ஒரு தடவை மாட்டுக்குக் காய்ச்சலா என்று கேட்டுவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை, "என்னக்கா, சும்மா சும்மா வரீங்க?" என்று அவளே சிரித்தாள்.

நேரில் வராதது எழுத்தில் வந்துவிட்டது. இதுவரை எழுதின தாளையெல்லாம் போட்டோ எடுத்து, நேற்றே பத்திரிகைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் இந்த இதழ் குரும்பலூர் பஸ் ஸ்டாண்டு கடைக்கு வந்துவிடும். அம்சவல்லி சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது வாங்குவாள். "என்னப் பத்தி எப்பக்கா எழுதப் போறீங்க?" என்று முதல் வாரத்திலிருந்தே கேட்கிறாள். நடந்துகொண்டே என் பக்கத்தைத்தான் பிரிப்பாள்.

அன்று முறை என்னுடையது. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் அடுப்படிச் சுவரிலிருந்து சக்கரத்தை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போக வேண்டும். அவள் அங்கே நிற்பாளா, என்னோடு பேசுவாளா, எனக்குத் தெரியாது. இந்தத் தடவை மறந்துட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது.